நங்கூரத் தெருவில் விழுந்தவர்கள்

ஈர வலையைத் தோளிலிருந்து இறக்கி மணலில் போடும்போது ஒரு சத்தம் வரும், கனமும் இல்லாத லேசும் இல்லாத, பெருமூச்சு பாதியில் நின்றுபோனது போன்ற ஒரு சத்தம். அதை நாங்கள் முதன்முதலாக வீட்டு வாசலில் கேட்டது ஒரு தவக்காலத்துப் பகலில், தூத்துக்குடியில், நங்கூரத் தெருவில், உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில். எங்கள் தெருவில் அப்போது ஒருவரிடமும் வலை இல்லை. ஆண்கள் எல்லாரும் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள், கடலைத் தொடாமலே கடல்மேல் வாழ்கிறவர்கள். என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தால், ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் அவள் மகள் வினோலியா கிடந்தாள், வாய் திறந்து, கண் திறந்து, செத்து. உள்ளறையில் அதே வினோலியா கம்ப்யூட்டருக்கு முன்னால் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்து, ஒரு காலை ஆட்டிக்கொண்டு, சோறு ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம்தான் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்திருந்தது. பிள்ளைகள் படிக்கட்டும் என்று கப்பலில் இருந்த அப்பாக்கள் கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார்கள். பிள்ளைகள் பாதாளத்துக்குள் இறங்கினார்கள். பாதாளம் என்பது அவர்களாக வைத்துக்கொண்ட பெயர். விளையாட்டின் சொந்தப் பெயர் எந்த நாட்டு எழுத்திலோ இருந்தது, யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. பூமிக்கு அடியில் ஒரு நகரம், மாடி மாடியாக மேலே போகாமல் கீழே கீழே போகிற நகரம், எத்தனையோ தேசத்து ஆட்கள் ஒரே நேரத்தில் அதன் இருட்டில் அலைந்துகொண்டிருப்பார்கள். புதிதாக வருகிறவனிடம் ஒரு தடியையும் ஒரு விளக்கையும் கொடுத்து உள்ளே தள்ளிவிடுவார்கள், எதற்குப் பயப்பட வேண்டும் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். அவன் எலியை அடித்து, வௌவாலை அடித்து, மெல்ல மெல்ல அவன் பெயருக்குக் கீழே ஒரு எண் ஏறும். அதைத்தான் அனுபவம் என்றார்கள். செத்தால் அதில் பாதி போய்விடும். செத்தவன் வெறுங்கையோடு நகரத்தின் வாசலில் மறுபடி எழுந்து நிற்பான், போன பாதி அவன் செத்த இடத்தில் அவன் உடலிலேயே கிடக்கும். அங்கே திரும்ப நடந்து போய்த் தன் உடலைத் தானே தொட்டால்தான் அது அவனைச் சேரும். வேறு ஆள் தொட்டால் அவனுக்குச் சேராது. யாருக்குச் சேரும் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. புதியவர்கள் அந்த விளையாட்டில் தேறுவதற்கு இருந்த வழி இது ஒன்றுதான்: சாக வேண்டும், செத்த இடத்துக்குத் திரும்ப வேண்டும், செத்துக் கிடக்கிற தன் முகத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்.

அந்தத் தவக்காலத்திலிருந்து, எங்கள் தெருப் பிள்ளைகள் திரும்பிப் போய்ப் பார்த்தால் அங்கே உடல் இல்லை. நான் செத்த எடத்துல நான் இல்லம்மா, என்று வினோலியா சோற்றைப் பிசைந்துகொண்டே குறைபட்டாள். எப்படி இருக்கும், உடல்கள்தான் எங்கள் வாசல்களில் விழுந்துகொண்டிருந்தனவே.

முதலில் போலீஸ் வந்தது. சப் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், இயற்கைக்கு மாறான மரணம் என்று எழுதத் தொடங்கி, இறந்தவரின் பெயரைக் கேட்டார். ரோஸ்லின் வீட்டு வாசலில் விழுந்திருந்தது அவள் மகன் பிரின்ஸ்டனின் உடல். பிரின்ஸ்டனே வெளியே வந்து, பெயர், வயது, தகப்பனார் பெயர் எல்லாம் சொல்லி, எப்படிச் செத்தோம் என்பதையும் விளக்கி, காப்பி குடிக்கிறீர்களா சார் என்று கேட்டான். அவர் எழுதியதை அடித்துவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். பங்குச் சாமியார் வந்து பார்த்தார். ஞானஸ்நானம் வாங்கின ஆள் உள்ளே உயிரோடு இருப்பதால் அடக்கப் பூசை வைப்பதற்கு இல்லை என்றும், ஆனால் அந்த நெற்றியில் தண்ணீர் ஊற்றினது தன் கைதான் என்பதால் அதைக் குப்பை வண்டியில் ஏற்றச் சொல்லத் தனக்கு நாக்கு வராது என்றும் சொல்லிவிட்டு, பெண்கள் தங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்துகொள்ளலாம் என்று போய்விட்டார்.

பெண்களுக்குச் சரி என்று பட்டது ஒன்றே ஒன்றுதான். ஒரு முகம் செத்துக் கிடந்தால் குளிப்பாட்ட வேண்டும். வெந்நீர் போட்டு, சோப்புப் போட்டு, தலையைத் துவட்டிச் சீவி, தாடையை வெள்ளைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிந்து, கண்ணை மூடி, நெஞ்சில் செபமாலையை வைத்து ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி, உப்பளத்துக்குப் பின்னால் உடைமரங்கள் நிற்கிற மணலில் புதைக்க வேண்டும். எங்கள் சனங்கள் வேறு எதைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிட்டது கிடையாது. கப்பலில் செத்துப் பெட்டியில் வருகிறவனைக்கூடப் பெட்டியை உடைத்துக் குளிப்பாட்டிய பிறகுதான் திரும்ப மூடுவார்கள். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள், உயிரோடு இருக்கிற பிள்ளை தன் பிணத்தைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்று. அதை யார் முதலில் சொன்னது என்று தெரியாது, ஆனால் சொன்ன மாத்திரத்தில் ஆதிகாலத்திலிருந்தே இருந்த வழக்கம்போல ஆகிவிட்டது. வாசலில் சத்தம் கேட்டதும் தாய் ஓடிவந்து போர்வையால் மூடுவாள். பிள்ளைகளுக்கும் எழுந்து வந்து பார்க்க நேரம் இல்லை. நகர வாசலில் மறுபடி எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள், மறுபடி எலியை அடிக்க வேண்டியிருந்தது.

உடல்கள் கனம் இல்லாதவை, கரையில் ஒதுங்கும் கூழ் உடம்புச் சொறிமீனைப் போல. ஒரு பெண் தனியாகவே தூக்கிவிடலாம். வெயிலில் விட்டால் கொஞ்ச நேரத்திலேயே ஓரங்களிலிருந்து கரையத் தொடங்கும். காயம் எதுவும் இருக்காது. முகம் மட்டும்தான். அந்த முகத்தைப் பற்றி எழுத இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு சொல்லும் அமையவில்லை. வெந்நீர்ப் பானையைச் சுமந்து கொடுத்ததோடு சரி, நான் ஒரு உடலையும் தொட்டதில்லை, தொடத் துணிந்ததில்லை.

ஆனால் எந்தப் பயமும் தினமும் வந்தால் தெரு அதற்கு ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்துவிடும். ஈஸ்டர் முடிவதற்குள் தெருவுக்கென்று ஒரு தள்ளுவண்டி வந்துவிட்டது. காய்கறிக்காரி வாசலில் கிடப்பதைச் சுற்றிக்கொண்டு கடந்து போகப் பழகிவிட்டாள். உடைமரத்தடிக்குப் போகிற வழியில் பெண்கள் ஊர்க்கதை பேசினார்கள், ஒருவரை ஒருவர் சீண்டினார்கள். உம் மக சாவுறதுக்குன்னே பொறந்திருக்கா மைனி, எங்க வீட்ல காலையிலேர்ந்து ஒண்ணுதான் விழுந்துருக்கு, என்று ரோஸ்லின் பெருமைப்பட்டாள். ஜெசிந்தாவுக்கு அது சுருக்கென்று தைக்கும். வினோலியா மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாகவே செத்தாள். அவசரக்காரி, திறக்காத கதவையெல்லாம் திறந்து பார்க்கிறவள். அதனால் ஜெசிந்தாவின் விரல்கள் எந்நேரமும் வெந்நீரில் ஊறிச் சுருங்கியே இருந்தன. அவள் மற்றவர்களைப்போல அவசரமாகக் குளிப்பாட்டமாட்டாள். ஒவ்வொரு உடலின் காதுமடலுக்குப் பின்னாலும் தேய்ப்பாள், நகக்கண்ணைத் துடைப்பாள், குழந்தையில் செய்ததைப்போல உள்ளங்காலில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருப்பாள்.

தெருவில் ஒருவனுக்கு மட்டும் குளிப்பாட்ட ஆள் இல்லை. கான்ஸ்டன், கப்பல் சமையல்காரன், முப்பது வயது இருக்கும், அடுத்த கப்பலுக்கு அழைப்பு வரும்வரை தனியாக இருந்தான். பொழுது போகாமல் அவனும் பாதாளத்தில் இறங்கியிருந்தான். முதல் தடவை செத்ததும் என்ன சத்தம் என்று அவனே எழுந்து வந்து கதவைத் திறந்து, தன்மேல் தானே தடுக்கி விழுந்தான். விழுந்த வேகத்தில் உடல் அவன் கைக்குள் கரைந்து போயிற்று. அன்று முழுக்க அவனுக்குக் குளிர்க்காய்ச்சல், பற்கள் அடித்துக்கொண்டன, தீ, தீ என்று பிதற்றினான். மறுநாள் எழுந்தவன் அதே இடத்தில் மறுபடி சாகவில்லை. ஒவ்வொரு முறை செத்தபோதும் அவனே வந்து தொட்டான், நடுங்கினான், தேறினான். விளையாட்டில் அவன் கீழே கீழே போனான். தெருவிலோ, அடுப்பைப் பற்றவைக்கும்போது ஒரு எட்டுத் தள்ளி நின்றான், ரயில் தண்டவாளத்தைக் கடக்குமுன் நின்று நிதானித்துப் பார்த்தான். ஏல, கப்பலுக்குப் போற ஆம்பள தண்டவாளத்துக்குப் பயந்து நிக்கானே, என்று பிரின்ஸ்டனும் கூட்டாளிகளும் அவனைக் கேலி செய்தார்கள்.

பிரின்ஸ்டன் எதற்கும் பயப்படமாட்டான். அந்தக் கோடையில் எங்கள் பிள்ளைகள் யாருமே எதற்கும் பயப்படவில்லை, நாங்கள் அதைக் கவனித்து, நல்லது, தைரியசாலிகளாக வளருகிறார்கள் என்று சந்தோஷப்பட்டோம். நாய் குரைத்தால் விலகமாட்டார்கள். லாரி ஹாரன் அடித்தால் தலை நிமிர்த்தமாட்டார்கள். வினோலியா சூடான இட்லிச் சட்டியை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, கொப்புளத்தை வேறு யாருடைய கையிலோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம், பிள்ளைகள் பழைய துறைமுகத்துப் பக்கம் காற்று வாங்கப் போயிருந்தார்கள். அங்கே பழுதாகி நிற்கும் பாரந்தூக்கியின் உச்சிவரை பிரின்ஸ்டன் ஏறினான். தண்ணீர் வற்றியிருந்தது, கீழே கற்கள் தெரிந்தன. கூட்டாளிகள் இறங்கச் சொன்னார்களாம், பயத்தினால் அல்ல, சோற்றுக்கு நேரமாகிவிட்டது என்பதால். அவன் சிரித்துக்கொண்டே, நீங்க போங்கல, நான் உங்களுக்கு முன்னாலயே வீட்டு வாசலுக்கு வந்துருவேன், என்று சொல்லிவிட்டுக் குதித்தான்.

அந்த உடலைத் தூக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. நாங்கள் அந்தக் கனத்திலிருந்துதான் தெரிந்துகொண்டோம். ரோஸ்லின் தெரிந்துகொள்ளவில்லை. வழக்கம்போல வெந்நீர் போட்டாள், வழக்கம்போலத் தாடையைக் கட்டினாள், பெரிய கோயில் மணி அடித்ததையும் சாமியார் பூசை உடுப்போடு வந்து நின்றதையும் ஏதோ விசேஷ மரியாதை என்று எடுத்துக்கொண்டாள். கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்ததும் காப்பி போட்டு, ஆற்றி, டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கம்ப்யூட்டருக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. அவள் கக்கூஸ் கதவைத் தட்டினாள். மாடிக்குப் போய்ப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, அங்கே நின்ற எங்கள் எல்லாரையும் பார்த்து, பையன் எங்க போயிட்டான், காப்பி ஆறுது, என்று கேட்டாள்.

அன்றிலிருந்து நங்கூரத் தெருவில் யாரும் தூங்கவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அலைகிற தீபத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நடப்பவர்களைப்போல. மாடிப்படிக்குப் பூட்டு, கிணற்றுக்கு மூடி, அரிவாள்மனை பரணுக்கு. கம்ப்யூட்டரைப் பிடுங்கிப் போட்டவர்களும் உண்டு. அந்தப் பிள்ளைகள் நேரம் போகாமல் மதில்மேல் நடந்தார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது. ஜெசிந்தா கடைக்குப் போகும்போது வினோலியாவின் தாவணி முனையைத் தன் முந்தானையில் முடிச்சுப் போட்டு இழுத்துக்கொண்டு போனாள். இருபது வயதுப் பெண், கன்றுக்குட்டியைப்போலப் பின்னால் வந்தாள், கோபப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. பேருந்து உரசிக்கொண்டு போனபோது முடிச்சு அறுந்தது. வினோலியா நடுச்சாலையில் நின்று முனையைப் பார்த்து, கிழிஞ்சு போச்சும்மா, என்றாள்.

ஜெசிந்தாவின் கைகள் அந்த மாதத்தில் நடுங்கத் தொடங்கியிருந்தன. வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போடும். கதவு தானாகச் சாத்திக்கொண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்வாள். மகளை நினைத்துப் பயப்படுகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒருநாள் காலை மீன்கூடையோடு வினோலியாவின் நாற்காலிக்குப் பின்னால் கடந்து போனவள், திரையைப் பார்த்து அப்படியே நின்றாள். அவள் அதற்கு முன்னால் அந்தத் திரையை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

"அந்தக் கதவத் தொடாத," என்றாள். "அதுக்குப் பின்னால படி கிடையாது. கிடுகிடுன்னு பள்ளம்."

வினோலியா ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தாள். மறுபடி திரைக்குள் போய்த் தடியால் கதவை நெம்பினாள். பின்னால் படி இல்லை.

இந்தச் செய்தி தெருவில் பரவியபோது கான்ஸ்டன் வந்து வாசற்படியில் உட்கார்ந்தான். ஜெசிந்தாவின் கைகளைத் தொடாமல் குனிந்து பார்த்தான். "மைனி, நீங்கதான எல்லாத்தையும் தேச்சுத் தேச்சுக் குளிப்பாட்டுனீங்க," என்றான். "அவளுக்குப் போவ வேண்டியது உங்க கைல ஏறிப்போச்சு." பயம் முழுக்கத் தாய்மார்களிடம் சேர்ந்துவிட்டது, பிள்ளைகளுக்கு ஒரு துளிகூட எஞ்சவில்லை என்பதை அவன் இதைவிட நல்ல வார்த்தையில் சொல்லத் தெரியாமல் சொன்னான். அங்கே நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்கள்.

பிள்ளைகள் தொடுவதற்கு ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று உடைமரத்தடியில் போய்த் தோண்டினார்கள். மணல்தான் இருந்தது, கொஞ்சம் ஈரமாக, நடுவில் செபமாலைகள்.

அப்புறம்தான் ஜெசிந்தா அதைச் செய்தாள். மாவரைக்கக்கூட மோட்டாரை நம்பாத பெண், ரோஸ்லின் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிவரச் செய்து, மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, பாதாளத்துக்குள் இறங்கினாள். மகளுக்கு முன்னால் தான் நடந்தால் மகள் சாகமாட்டாள், பார்த்துப் பார்த்துப் பயத்தைக் கற்றுக்கொள்வாள் என்பது அவள் கணக்கு. ஜன்னல் முழுக்க நாங்கள் நின்றோம். தடியும் விளக்கும் மட்டும் வைத்திருந்த புதிய ஆள் அவள், எந்த விசையை அழுத்துவது என்று ஒவ்வொரு தடவையும் மகளைக் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் எந்தக் கல் புரளும், எந்த மூலையில் மூச்சுச் சத்தம் கேட்கும், எந்தப் பாலம் பாதியில் இல்லை என்பதெல்லாம் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால் ஒவ்வொரு அடிக்கும் அவள் முனகினாள். இங்க எரியும், என்பாள். இங்க பின்னாலேர்ந்து வரும். இங்க கூப்ட்டா கேக்காது. வினோலியா சந்தோஷமாகப் பின்னால் போனாள். ஒவ்வொரு சாவிலும் பாதியை இழந்துகொண்டே இருந்த பெண்ணின் எண் மளமளவென்று ஏறியது, முன்னால் போகிறவர் அடித்தால் பின்னால் வருபவருக்கும் பங்கு உண்டு என்பது அந்த விளையாட்டின் சட்டம். எத்தனையோ நாட்டு ஆட்கள் வழியில் நின்று இந்த இரண்டு பெண்களையும் பார்த்து வணங்கினார்கள்.

எண்தான் ஏறியது. கீழ்த்தளங்களைக் கடந்து வந்த அன்று மத்தியானம் வினோலியா மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒற்றைக் காலில் நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீழே இருந்து பார்த்த ஜெசிந்தாவுக்குக் கூப்பிடவும் பயம், கூப்பிடாமல் இருக்கவும் பயம்.

ஆக வேண்டியது என்ன என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, யாரும் சொல்ல முன்வரவில்லை. சொன்னவள் ரோஸ்லின். மகனை அடக்கம் செய்த நாளிலிருந்து பேசாதவள், காப்பி டம்ளரைக் கையிலிருந்து இறக்காதவள், அவளாக எழுந்து ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்து, "அவளச் சாவ விடு மைனி," என்றாள். "விழுந்தா தொடாத. அவளே வந்து தொடட்டும்."

எந்தச் சாவு என்று தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று. ஒரு தாய்க்கு அப்படி ஒரு வேலை வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மகளின் சாவுகள் எல்லாவற்றையும் கை அறிந்தவள் அவள். இதில் இவ்வளவு நேரம் எரியும், இதில் இவ்வளவு தூரம் விழ வேண்டும், இதில் கடைசிவரை நினைவு இருக்கும் என்று ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், சேலைக்கடையில் புடவை புரட்டுகிறவளைப்போலப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, ஒன்றும் பிடிக்காமல் அழுதாள். நோகாத ஒன்றைக் கொடுக்கலாமே என்று எங்களைக் கெஞ்சினாள். நோகாதது நாலு நாள்கூட நிற்காது என்று கான்ஸ்டன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கடைசியில் அவள் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தாள். பாதாளத்தின் ஆறாவது தளத்தில் கரை தெரியாத ஒரு கறுப்புக் குளம் இருந்தது. கடற்கரைப் பிள்ளை, தண்ணிக்குப் பயப்படத் தெரிஞ்சா மத்ததுக்கும் தெரிஞ்சுக்கிடுவா, என்றாள்.

ஆடி மாதத்து வெயிலில், பகல் பதினோரு மணிக்கு, அம்மாவும் மகளும் குளத்தங்கரையில் நின்றார்கள். தெரு முழுக்க ஜன்னலில் நின்றது. "இறங்கு," என்றாள் ஜெசிந்தா. நீங்க வரலையாம்மா என்று மகள் கேட்டாள். "நான் வரல. நான் நிறைய தடவ போயிட்டு வந்துட்டேன்." வினோலியா சிரித்துவிட்டு இறங்கினாள். கழுத்துவரை போனாள், கையை ஆட்டினாள், தண்ணீர் மூடியது.

வாசலில் விழுந்தது.

ஜெசிந்தா போய் நின்றாள். வெயில் நேராக அந்த முகத்தில் அடித்தது. வாய் திறந்திருந்தது, கண்கள் திறந்திருந்தன, தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. அதை ஒதுக்கிவிட ஜெசிந்தாவின் கை தானாகப் போயிற்று. ரோஸ்லின் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். போர்வை போர்த்தவும் விடவில்லை. ஈ வந்து உட்கார்ந்தது. ஒரு நாய் வந்து மோப்பம் பிடித்தது, கான்ஸ்டன் அதை விரட்டினான். ஜெசிந்தா உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டாள், மறுபடி கூப்பிட்டாள். இருங்கம்மா, கேட்லதான் நிக்கேன், ரெண்டே ரெண்டு எலி அடிச்சுட்டு வாரேன், என்றது உள்ளேயிருந்து அவள் குரல். உடலின் விரல்நுனிகள் கரையத் தொடங்கியிருந்தன. நான் பார்த்தேன், முதலில் சுண்டுவிரல், பிறகு அதன் அடுத்த விரல், சர்க்கரை ஈரத்தில் உட்காருவதைப்போல. ஜெசிந்தா ரோஸ்லினின் பிடியில் திமிறினாள், இவ்வளவும் கரைஞ்சு போவுதே, கண்ணையாவது மூட விடுங்களேன், என்று தரையில் உட்கார்ந்தாள். எங்களில் பாதிப்பேர் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தோம், பாதிப்பேர் செபம் சொல்லிக்கொண்டிருந்தோம், யாருக்கும் அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. உடலுக்கு முழங்கைவரை ஒன்றும் இல்லாமல் போனபோது, ரோஸ்லின் அவளை எங்களிடம் விட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய் மெயினை அணைத்தாள்.

வினோலியா எரிச்சலோடு வெளியே வந்தாள். வெளிச்சத்தில் கண் கூசியது. எல்லாரும் வழிவிட்டார்கள். ஏய், இது நானா, என்று கேட்டு, கொஞ்சம் சிரித்து, மூக்குக்கிட்ட ஒரு மச்சம் இருக்குறதே தெரியாதே எனக்கு, என்று குனிந்தாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. யாராக இருந்தாலும் தன் முகம் அப்படிக் கிடந்தால் தொட்டுத்தான் பார்ப்பார்கள். அவள் கன்னத்தில் விரலை வைத்தாள்.

உடல் போய்விட்டது. வினோலியா குனிந்தபடியே இருந்தாள். பிறகு அவள் தொண்டையில் மூச்சு ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது, இறங்கவில்லை. இரண்டு கையாலும் காற்றைத் துழாவி நிலைக்கதவைப் பிடித்தாள். உதடு நீலம் பாய்ந்தது. நாங்கள் அவள் உண்மையாகவே போய்விட்டாள் என்று நினைத்தோம். ஜெசிந்தா எல்லாரையும் உதறிவிட்டு வந்து அவளைத் தாங்கினாள். மூச்சு ஒரு கேவலாக இறங்கியது. அந்தப் பெண் எங்களையும் வெயிலையும் தெருவையும், தெருமுனையில் ஓடிய சைக்கிள்களையும் லாரிகளையும் முதல்தடவையாகப் பார்க்கிறவளைப்போலப் பார்த்தாள், பார்க்கப் பார்க்கச் சுருங்கி அம்மாவின் சேலைக்குள் ஒடுங்கினாள்.

"அம்மா," என்றாள். "நான் செத்துப்போவேனா?"

ஜெசிந்தா அவள் தலையைத் தடவினாள். பொய் சொல்ல அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும்.

"ஆமா மக்ளே," என்றாள். "போவ."

அந்த வாரம் எல்லா வீட்டு வாசலிலும் உடல்கள் மூடாமல் கிடந்தன. எல்லா வீட்டிலிருந்தும் பிள்ளைகள் அழுகிற சத்தம் கேட்டது. தாய்மார்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். சில பிள்ளைகள் விளையாட்டை விட்டார்கள், சிலர் மெதுவாக, நின்று நின்று, தேறினார்கள். இரண்டு வருஷத்தில் அந்த விளையாட்டை நடத்தியவர்களே அதை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். ஏன் எங்கள் தெருவில் மட்டும் என்று யாரும் விசாரிக்கவில்லை.

ஜெசிந்தாவின் கைகள் கடைசிவரை நடுங்கின. அவளிடம் ஏறியதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழியும் கிடைக்கவில்லை. அவள் இறந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

வினோலியா கொச்சியில், இறால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் ஷிஃப்ட் மேற்பார்வையாளராக இருக்கிறாள். போன மாதம் அவளுக்கு முப்பத்தொன்பது வயது முடிந்தது.